அடையாற்றங்கரையில் வேளாண்மை தோன்றிய வரலாறு

மனிதன் வேளாண்மையை எப்போது கண்டறிந்தான் என்பது குறித்து உலக அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடையாற்றங்கரையைப் பொறுத்தவரை அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை. அங்கே அது 1973ஆம் ஆண்டு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இராகுகாலம் கழிந்த பின்னர், ஒலிபெருக்கியின் துணையுடன் தோன்றியது. தோற்றுவித்தது மானுட வளர்ச்சிப் படிநிலைக் கழகம்.

கழகம் அடையாறில், மாமரங்கள் சூழ்ந்த பழைய பங்களா ஒன்றில் இயங்கிவந்தது. அதன் முன்கூடத்துச் சுவர் முழுவதும் மனித குலத்தின் பயணம் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்தது. இடக்கோடியில் குரங்கு. அடுத்து, கூன் நிமிராத ஒருவன். பிறகு ஈட்டி ஏந்திய வேடன், கூடை சுமந்த பெண், ஏர் பிடித்த உழவன், தராசு பிடித்த வணிகன். எல்லோரும் வலப்பக்கம் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். வலக்கோடியில் இருந்தவர் மட்டும் நடக்கவில்லை. அவர் மேசைக்குப் பின்னால், மின்விசிறியின் கீழ் அமர்ந்து, கோப்பு ஒன்றில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அவ்வப்போது பதவியில் இருக்கும் இயக்குநரின் முகத்தையே அவருக்கு எழுதவேண்டும் என்பது கழகத்தின் மரபு. இயக்குநர் மாற்றலாகும்போதெல்லாம் பரிணாமத்தின் உச்சி சுரண்டப்பட்டுப் புதிதாகத் தீட்டப்பட்டது. குரங்கின் முகத்தை மாற்றவேண்டிய தேவை ஒருமுறைகூட எழவில்லை.

அவ்வாண்டு உச்சியில் இருந்தவர் டாக்டர் கல்யாணராமன். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து நாள்தோறும் கழகத்தின் காரில் பரிணாமத்தை நடத்த வருவார். அவருடைய கொள்கை எளிமையானது: எவரும் படிநிலையைத் தாண்டக்கூடாது. பொறுக்கித் தின்னும் மனிதன் உழவனாகாமல் நேரே நகரவாசியாகிவிட்டால் அந்த அதிர்ச்சியை அவனது மூளை தாங்காது. இக்கொள்கைக்கு அவர் சான்று எதையும் காட்டவில்லை. சான்று கேட்பது தொடக்கநிலைச் சமூகங்களின் பழக்கம் என்று அவர் தமது நூலொன்றில் ஏற்கெனவே நிறுவியிருந்தார்.

இக்கொள்கை நூலிலேயே கிடந்திருந்தால் எவருக்கும் கேடில்லை. ஆனால் அப்போது ஆற்றோரக் குடிசைவாசிகளுக்காகச் சாலைக்கு மறுபுறம் மூன்றடுக்குக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. குடும்பத்துக்கு ஓர் அறை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்க அஞ்சிய குடியிருப்பு அலுவலகம், அந்தப் பொறுப்பைக் கழகத்தின் தலையில் கட்டியது. கழகம் எதற்கும் அஞ்சாதது. ஆற்றோரத்தார் அனைவரும் சேகரிப்பு நிலையில் உள்ளனர் என்றும், உழவு நிலையை ஒரு போகம் கடந்து தேறியவர்க்கே அறை என்றும் அது ஆணையிட்டது.

சித்திரை வெயிலில் இந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரைக்கு வந்தவர் நல்லசிவம். திருநெல்வேலிப் பக்கத்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகாத படிநிலை அலுவலர். முழங்கால் சேற்றில் நின்று வளைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்த ஒருவனைக் கரையிலிருந்து அழைத்தார்.

"ஏய்யா, உம்ம பேரு என்ன?"

"கருணாகரன். இன்னா சார், நண்டு வோணுமா?"

"நண்டெல்லாம் வேண்டாம். என்ன தொழில் செய்யுதீரு?"

"பாத்துக்கினுதானே கீற? நண்டு புடிப்பேன், மட்டி பொறுக்குவேன். இவ உமரிக்கீரை பறிப்பா. மந்தவெளிக்குப் போய் வித்துட்டு அரிசி வாங்கியாருவோம்."

"பயிர் ஏதும் உண்டுமா?"

அருகில் கீரை அலசிக்கொண்டிருந்த அவன் மனைவி சம்பூரணம் வயிற்றில் கைவைத்துச் சிரித்தாள். "எங்கூட்ல ஒரே பயிர்தான் சார். ஐப்பசில வெளிய வரும்."

ஐப்பசி என்ற சொல்லை உச்சரித்ததும் அவள் சிரிப்பு நின்றது. ஆண்டுதோறும் ஐப்பசியில் ஆறு குடிசைகளுக்குள் வரும். குடிசைகளில் இருப்போர் பாலத்தின் மேல் போவார்கள். சென்ற ஐப்பசியில் அடுத்த குடிசை அஸ்மத்துன்னிசா, பாலத்தில், ஒழுகும் தார்ப்பாய்க்கடியில் பிள்ளை பெற்றாள். குளிரில் விறைத்த அந்தக் குழந்தை மறுநாள் மழையைப் பார்க்கவில்லை. சம்பூரணத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றே: ஐப்பசிக்கு முன் நனையாத ஓர் அறை.

"உழுதா ரூம்பு குடுப்பியா? மெய்யாலுமே?" என்று கேட்டாள்.

"மேல அப்படித்தான் சொல்லுதாவ."

விறகு பிளந்துகொண்டிருந்த அஸ்மத்துன்னிசா கோடாலியை ஊன்றி நிமிர்ந்தாள். "தபாரு நைனா, ரோட்டாண்ட கீற கட்டடத்துக்குக் கல்லு சொமந்தது இந்தக் கருணாகரன்தான். அப்போ எந்தப் படில கீறேன்னு எவனும் கேக்கலியே?"

அதற்கு விடையளிப்பது நல்லசிவத்தின் பணிவரம்புக்குள் வரவில்லை.

உழவு நிலைக்குள் நுழையுமுன் முந்தைய நிலைகளைக் கடந்துவிட்டதைக் கருணாகரன் மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. கழகத் தோட்டத்தில், பந்தலின் கீழ், வல்லுநர் குழு அமர்ந்தது. முதற்சோதனை இரண்டு காலில் நிமிர்ந்து நடத்தல். கருணாகரன் ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வந்திருந்தான். ஆயினும் அது குழுவின் முன்னிலையில் நிகழாத நடை. சுண்ணாம்புக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். நடந்தான். திரும்பவும் நடக்கச் சொன்னார்கள். குழு நெடுநேரம் விவாதித்து முடிவு கூறியது: 'நிமிர்ந்து நடக்கிறான். ஆயினும் அலுவலர்கள் முன்னிலையில் சற்றே வளைகிறான். விரும்பத்தக்க வளைவு.'

அடுத்தது நெருப்பு. தீ மூட்டும்படி கூறியதும் கருணாகரன் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். குழு திடுக்கிட்டது.

"அத உள்ள வையும்வே! இன்னும் கண்டுபிடிக்கல" என்று நல்லசிவம் பதறினார்.

"நேத்துதான் சார் கடைல வாங்கினேன்."

தீப்பெட்டி பறிமுதல் செய்யப்பட்டது. குழு உறுப்பினர் ஒருவர் அதனால் தம் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, அதைத் தம் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கருணாகரனிடம் இரண்டு கற்கள் தரப்பட்டன. உள்ளங்கை கொப்புளிக்கும்வரை உரசினான். 'நெருப்பு கண்டுபிடிக்கப்பட்டதாகக் கொள்ளலாம். கொப்புளங்களே சான்று' என்று எழுதினார்கள்.

மூன்றாவது, விலங்கைப் பழக்குதல். அவன் பின்னாலேயே வந்திருந்த தெருநாய் வாலை ஆட்டியது. ஏற்கெனவே பழகியது என்று அதனை நிராகரித்தார்கள். காட்டு நாய் வேண்டும். சென்னையில் காட்டு நாய்க்கு எங்கே போவது? இயக்குநர் வீட்டுச் சடைநாயைக் காரில் வரவழைத்து, அன்று பிற்பகல் மட்டும் அது காட்டு விலங்கு என்று ஆணை பிறப்பித்தார்கள். ஆணைக்கு இணங்கி அது நல்லசிவத்தின் கெண்டைக்காலைக் கவ்வியது. அது கருணாகரனைக் கவ்வாததையே பழக்கியதற்குச் சான்றாகக் கொண்டு குழுவினர் மனநிறைவுடன் எழுந்தார்கள்.

ஆனியில் வேளாண்மை தோன்றியது. உழவு ஆற்றங்கரைகளில் பிறந்தது என்பது நூல்களின் துணிபு. அடையாறு ஓர் ஆறு. ஆகவே கருணாகரனின் குடிசைக்கு முன்னிருந்த சதுப்பே உழவின் பிறப்பிடம் என்று கழகம் முடிவு செய்தது. அந்தச் சதுப்பில் நாள்தோறும் கடல்நீர் ஏறி இறங்கும் என்பதை எவரும் குறிப்பிடவில்லை. கருணாகரன் குறிப்பிட்டான்.

"சார், உப்புத் தண்ணி சார். நெல்லு கருகிப்பூடும்."

இயக்குநர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கடல் வேற டிபார்ட்மென்ட்டுப்பா. அவாளுக்கு எழுதியிருக்கோம்."

பந்தல் போட்டு, வாழை கட்டி, விழா எடுத்தார்கள். டாக்டர் கல்யாணராமன் ஒலிபெருக்கியின் முன் நின்று முழங்கினார்:

"பெரியோர்களே! தாய்மார்களே! பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் கருணாகரன் உழைக்காமல் உண்டு வந்தான். காலையில் சில மணி நேரம் ஆற்றில் இறங்குவான். பிறகு நாள் முழுவதும் மனைவியோடு பேசிச் சிரிப்பான், உறங்குவான். எவருக்கும் அவன் கணக்குச் சொல்லவில்லை. எவரையும் அவன் வணங்கவில்லை. எவ்வளவு கொடிய நிலை! இன்று அவன் கழுத்தில் நாகரிகத்தை ஏற்றுகிறோம். இனி அவன் விடியலிலிருந்து இருட்டும்வரை உழைப்பான். வானத்தைப் பார்த்து அஞ்சுவான். விளைந்ததில் ஒரு பங்கை நம்மிடம் தருவான். நாம் அதை உண்டு, அவனைப் பற்றிச் சிந்திப்போம்!"

கைதட்டல் எழுந்தது. கழுத்தில் ஏற்றுவது என்பது வெறும் அணிநயம் என்றே கூட்டம் நினைத்தது. ஆதம்பாக்கத்து வயல்களிலிருந்து வாடகைக்கு வந்திருந்த காளைகள் உப்புச் சேற்றை முகர்ந்துவிட்டு இறங்க மறுத்தன. அடித்தார்கள், அவை அசையவில்லை. அவற்றுக்கு அறை எதுவும் தேவைப்படவில்லை. அப்போது இயக்குநருக்கு ஓர் உண்மை நினைவுக்கு வந்தது: மாட்டைப் பூட்டுமுன் மனிதனே ஏர் இழுத்திருக்கவேண்டும். முதல் உழவர் பெண்ணே என்றும் ஒரு கருத்து உண்டு. எனவே கருணாகரனை நுகத்தில் பூட்டி, ஐந்து மாதக் கர்ப்பிணியான சம்பூரணத்தின் கையில் மேழியைக் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் அவளைச் சிரிக்கச் சொன்னார்.

"சிரிக்கறதுக்கும் எதுனா சோதனை கீதா?" என்று அவள் கேட்டாள். அவள் சிரிக்காத படமே நாளிதழ்களில், 'உழவு தோன்றியது: உவகையில் முதற்குடும்பம்' என்ற தலைப்பின் கீழ் வெளிவந்தது.

விதைத்தவை முளைத்தன. கடலின் ஏற்றநீர் வந்தது. முளைத்தவை கருகின. மீண்டும் விதைத்தான், மீண்டும் கருகின. அதனினும் கொடிது ஒன்று இருந்தது. உழவன் நண்டு பிடித்தால் அது பின்னடைவு. பின்னடைந்தவன் மறுபடி குரங்கிலிருந்து தொடங்கவேண்டும். இதைக் கண்காணிக்கக் கரையில் காவலர் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்தார். காலடியில் நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்தன. மட்டி கூடை கூடையாகக் கிடந்தது. அவற்றின் நடுவே முதற்குடும்பம் பட்டினி கிடந்தது. அஸ்மத்துன்னிசா முந்தானைக்குள் மறைத்து இரண்டு ரொட்டி கொண்டுவந்தாள். காவலர் பிடித்துக்கொண்டார். அது உரிய காலத்துக்கு முன் நிகழ்ந்த பண்டமாற்று. வணிக நிலை இன்னும் தோன்றவில்லை.

"அடப்பாவி, சோத்துக்கு எந்தப் படி?" என்று அவள் கத்தினாள். காவலர் ரொட்டியை மென்றபடி, அது தமக்குத் தெரியாது என்றார்.

ஆவணியில் கழகத்து மருத்துவர் வந்து கருணாகரனை அளந்தார். எடை குறைந்திருந்தது. ஈறு வெளுத்து இரத்தம் கசிந்தது. முதுகு வளைந்ததில் உயரமும் குறைந்ததுபோல் தோன்றியது. மருத்துவர் ஓடிப்போய் இயக்குநரிடம் கூற, அவர் உணர்ச்சிவசப்பட்டுக் கருணாகரனைத் தம் அறைக்கே அழைத்து அமரச் சொன்னார். பிறகு நாற்காலி கறைபடும் என்று நிற்கச் சொன்னார்.

"சார், இனிமே முடியாது சார். அவளுக்கு மாசம் ஏறிக்கினே போவுது. கண்ணு இருட்டுதுன்றா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஆத்துல எறங்கிக்கறேன் சார்."

"அசடு! என்ன நடந்திருக்குன்னு புரியறதா உனக்கு? பூமிய தோண்டி எலும்பெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கா. வேட்டையாடிண்டிருந்தவன் எலும்பு உசரம், திடம். பயிர் பண்ண ஆரம்பிச்சானோ இல்லையோ, குட்டையாப் போயிட்டான், பல்லு சொத்தையாயிடுத்து, நோய் வந்துடுத்து. இதத்தான் புஸ்தகத்துல படிச்சோம். நீ கண்ணெதிர்ல பண்ணிக் காட்டிட்டே! உன் உடம்பு என் தியரிக்கு அப்படியே ஒத்துப்போறது!"

"அப்போ பயிர் வெச்சா ஆளு இளைச்சிப்பூடுவான்னு மின்னாடியே தெரியுமா சார்?"

"தெரியாமலா இவ்வளவு செலவு பண்றோம்?"

"அப்போ இன்னாத்துக்கு சார் இத வளர்ச்சின்றீங்க?"

இயக்குநர் உண்மையிலேயே வியப்படைந்தார். அவ்வினாவை அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை. "நீ மட்டும் இளைக்கறதால. நாங்க இளைக்கலையே!" என்று விளக்கினார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவர் அதை மெய்யாகவே நம்பினார்.

புரட்டாசியில் அறுவடை விழா. அறுப்பதற்குப் பயிர் இல்லாத குறை எளிதில் தீர்க்கப்பட்டது. காளைகளைத் தந்த அதே ஆதம்பாக்கத்திலிருந்து கதிர் முற்றிய நெற்கட்டுகள் லாரியில் வந்தன. அலுவலர்கள் அவற்றை அதிகாலையில் சேற்றில் நட்டார்கள். சிறப்பு விருந்தினர் வெள்ளி அரிவாளால் முதற்கதிரை அறுத்தார். விளைச்சலில் கழகத்தின் பங்கைப் பிரித்தபோது முழுவதும் கழகத்தின் பங்கே என்று தெரியவந்தது. ஏனெனில் லாரிக்கு வாடகை கொடுத்தது கழகம். கருணாகரனுக்குச் சான்றிதழும், நார்மாலையும், உழவர் என்ற பட்டமும் கிடைத்தன. அவனால் நிற்க முடியவில்லை. நல்லசிவம் பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்துத் தாங்கிக்கொண்டார்.

மறுநாள் சான்றிதழோடு கணவனும் மனைவியும் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு வருந்தினார். அறைகள் நிலமற்றவர்களுக்கு உரியவை. உழவரோ நிலம் உழுபவர். நிலத்தில் குடியிருக்கவேண்டியவர் மாடியில் ஏறினால் நாட்டின் உணவு உற்பத்தி என்னாவது? மேலும் அவர்கள் உழுத நிலம் இப்போது கழகத்தின் சோதனைப் பண்ணை. அதில் குடிசை போட்டிருப்பது ஆக்கிரமிப்பு. விரைவில் வேலி வரும்.

"அப்போ உழாதவங்களுக்கு ரூம்பு உண்டா?" என்று சம்பூரணம் கேட்டாள்.

"அவங்க இன்னும் படி ஏறலியேம்மா."

அவள் அங்கே அழவில்லை. சாலைக்கு வந்து, கட்டி முடிந்து பூட்டிக் கிடந்த மூன்றடுக்குக் கட்டடத்தை நெடுநேரம் பார்த்தாள். "யாரு சார் அதுல இருக்கறது?" என்று வழியில் வந்த நல்லசிவத்தைக் கேட்டாள்.

"யாருமில்ல. எல்லாப் படியும் ஏறினவன் எவனும் கிடைக்கல."

ஐப்பசி அறிவிப்பு இன்றி வந்தது. ஒரு முற்பகலில் வானம் உடைந்து கொட்டியது. வேலிக் கம்பங்களையும் சோதனைப் பண்ணையின் பெயர்ப்பலகையையும் தூக்கிக்கொண்டு ஆறு குடிசைக்குள் நுழைந்தது. இடுப்பளவு நீரில் சம்பூரணத்துக்கு வலி கண்டது. பாலத்தை நோக்கி அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாலத்தருகே அஸ்மத்துன்னிசா குறுக்கே நின்றுகொண்டாள்.

"அங்க வோணாம். எம்புள்ளய அங்கதான் வாரிக் குடுத்தேன். திரும்புங்க!"

"எங்க போறது அக்கா?" என்று கருணாகரன் கதறினான்.

அஸ்மத்துன்னிசா கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து முன்னால் நடந்தாள். மூன்றடுக்குக் கட்டடத்தின் பூட்டு நான்கு அடியைக்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் மாடியின் முதல் அறையில், காய்ந்த சிமெண்டுத் தரையில், சம்பூரணம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அது அழுத அழுகை மழையையும் மீறிக் கீழ்த்தளம்வரை கேட்டது. மற்றக் குடிசைவாசிகள் ஒருவர்பின் ஒருவராக ஏறி வந்து, எந்தச் சோதனையும் இன்றி, அறைகளில் அமர்ந்தார்கள்.

மறுநாள் போலீஸ் வந்தது. பூட்டை உடைத்தது யார் என்று கேட்டபோது, அஸ்மத்துன்னிசா வாயைத் திறக்குமுன் கருணாகரன் முன்வந்து கையை நீட்டினான். அவனைக் கொண்டுபோனார்கள்; மற்றவர்களை வெளியேற்றும் உத்தரவு அவர்களிடம் இல்லை. செய்தியறிந்த டாக்டர் கல்யாணராமன் பத்திரிகையாளரைக் கூட்டினார். "வேளாண்மை, உபரி, வேலி, அரசு, நகரம், சிறைச்சாலை! இத்தனையையும் ஒரே போகத்தில் சாதித்திருக்கிறோம். சிறை இல்லாத நாகரிகம் முழுமையற்றது. உழவு நிலையில் பிறந்த முதற்குழந்தையை அடுத்த வாரம் கழகத்தின் ஆண்டு விழா மேடையில் நாட்டுக்கு அறிமுகம் செய்வோம்" என்றார். சிறப்பு விருந்தினர் நாள் ஒதுக்கிவிட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று.

நல்லசிவம் குடையுடன் இரண்டாம் மாடிக்கு ஏறினார். வெளி நடையில் மழைச்சாரல் அடித்தது. கதவைத் தட்டினார். சம்பூரணம் குழந்தையை மார்போடு அணைத்தபடி பாதிக் கதவைத் திறந்தாள்.

"தாயி, மேலிடத்து உத்தரவு. பிள்ளைய முதல் படியில இருந்து பதியணுமாம். நாலு காலுல நகருதான்னு நான் பாத்து எழுதணும். அடுத்த வாரம் மேடைக்கும் கொண்டுவரணும்."

"பொண்ணுய்யா அது. அதுகூடத் தெரியல, பதிய வந்துட்டாரு" என்றாள் உள்ளிருந்து அஸ்மத்துன்னிசா. "பொறந்து ரெண்டு நாள் ஆவல. பால் குடிக்கறதத் தவிர அதுக்கு எந்த வேலையும் தெரியாது. உங்க ஆபீசரையும் அப்படித்தானே வெச்சிக்கினு கீறீங்க?"

"எனக்கு வேலை நிரந்தரமாகணும் தாயி. அவிய நாள் குறிச்சிட்டாவ. பிள்ள இல்லாம விழா இல்ல."

சம்பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். "புள்ள இல்லாம விழா இல்லியா?"

"இல்ல."

"அப்போ என் வூட்டுக்காரர இட்டாந்து இங்க வுடு. அவரு கையால இத வாங்கிக் கொஞ்சணும். அதுவரைக்கும் எம்புள்ள உங்க சோதனைல எந்தப் படிலயும் நிக்காது. போய் உன் மேலிடத்தாண்ட சொல்லு."

"அப்படிச் சொல்ல எனக்கு விதி இல்லியே."

"அப்போ நில்லு."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. நல்லசிவம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். போகச் சொல்லி உத்தரவு இல்லை. திறக்கச் சொல்லி அதட்டும் அதிகாரமும் இல்லை. சாரல் அவர் கால்சட்டையை முழங்கால்வரை நனைத்தது. இறங்கிப் போய் மேலிடத்திடம் என்ன கூறுவது என்று மாலைவரை நின்று யோசித்தார். கதவின் மறுபக்கம், உலர்ந்த தரையில், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.